முத்தாண்டிக்குப்பத்துக்கு நான் கொண்டுபோன பூசணி

ஒரு காய்க்கு ஏழு பெயர் தெரிந்தவனை நம்பி அந்தக் காயை வாங்கிவரச் சொல்லாதீர்கள். என்னை நம்பி ஒருவர் சொன்னார். அவருடைய புதுக் காரின் பானட்டில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது.

என் மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன்னால், நான் வளர்ந்த இடத்தையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பிறந்தது, படித்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது எல்லாமே நெய்வேலி நகரியத்தில். அப்பா தென்காசிப் பக்கம், அம்மா கோபிப் பக்கம். சுரங்க வேலைதான் அப்பாவை இங்கே கொண்டுவந்து போட்டது. எங்கள் சமையலறையில் ஒரே காய்க்கு இரண்டு பெயர். உள்ளே மஞ்சளாக, சாம்பாரில் போட்டால் இனிக்குமே, அந்தக் காய் அப்பாவுக்குப் பூசணி, அம்மாவுக்கு அரசாணி. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் இருவரும் ஒரு அடி விட்டுக்கொடுக்கவில்லை. (வெளியே சாம்பல் பூத்து, உள்ளே வெள்ளையாக இருக்கும் இன்னொரு காய் உண்டல்லவா, அது அப்பாவுக்குத் தடியங்காய். எங்கள் வீட்டில் அதைச் சமைப்பது அபூர்வம். அதனால் அது எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல்தான் கெட்டேன்.)

வீட்டுக்கு வெளியே வந்தால் இன்னும் மோசம். பக்கத்து குவார்ட்டர்ஸ் தெலுங்கு ஆன்ட்டி அந்த மஞ்சள் காயைக் கும்மடிகாய என்பார். பின்வரிசை மலையாளி சாருக்கு மத்தங்கா. எதிர் வீட்டு ஒடிசாக்காரருக்குக் கக்காரு. நான் காண்ட்ராக்ட் சூப்பர்வைசராக வேலைக்குச் சேர்ந்த பிறகு வடக்கத்தி இன்ஜினியர்கள் வழியாக 'கத்து' வந்து சேர்ந்தது. ஒருநாள் டெல்லிப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர், பூரிக்குத் தொட்டுக்கொள்ள சீதாபல் வேண்டும் என்றார். ஆபீஸில் ஒருவர் நல்ல மனதோடு ஒரு கூடை சீத்தாப்பழம் வாங்கி வந்துவிட்டார். இன்ஜினியர் கூடையைப் பார்க்கிறார், கொண்டுவந்தவர் இன்ஜினியரைப் பார்க்கிறார். நான்தான் நடுவில் புகுந்து, "சார் ஊர்ல சீதாபல்னா நம்ம பூசணிங்க" என்று தீர்த்து வைத்தேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. ஆபீஸில் கைதட்டினார்கள். மொத்தம் ஏழு பெயர் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்கள் அதைப் பரங்கி என்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் தினமும் காதில் விழுகிற பெயர் என்பதால் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உள்ளூர்ச் சரக்குக்கு என்றைக்கு மதிப்பிருந்தது?

இந்தச் சமயத்தில்தான் நான் காதலித்துக்கொண்டும் இருந்தேன்.

தமிழரசி முத்தாண்டிக்குப்பத்துப் பெண். நகரியத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன இடத்தில், "அம்மாவுக்கு நிறைய தண்ணி குடுத்து உக்கார வைங்க" என்று அவள் சொன்னாள். அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீரை நானே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து ஒன்றரை வருஷம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை. பனிக்காலத்து விடியற்காலையில் எங்கள் பிளாக் தெருவிளக்குகள் எப்படி ஒரு புகைக்குள் மிதக்குமோ, அப்படி மிதந்துகொண்டிருந்தேன். பேச்சு காதில் விழும், அர்த்தம் வந்து சேர அரை மணி நேரம் ஆகும்.

அவளுடைய அப்பா ஏழுமலை, சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டுகிறவர். பர்மனென்ட். எங்கள் விஷயம் தெரிந்ததும் அவர் மகளிடம் கேட்ட ஒரே கேள்வி, "பையன் பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?" என்பதுதான். காண்ட்ராக்ட் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாராம். நான்கு மாதம் அந்தப் பேச்சே இல்லை. "அப்பாவுக்கு ட்யூட்டி முடிஞ்சா தோட்டந்தான். அதுல..." என்று தமிழரசி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் என்ன பயிர் என்பதையும் சொல்லியிருப்பாள். நான் அவளுடைய கம்மல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளுடைய எண்ணிலிருந்து போன். எடுத்தால் கனமான ஆண்குரல்.

"தம்பி, நான் அரசியோட அப்பா பேசறங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். (போனில்தான் பேசுகிறார் என்பது தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை.)

"புதுசா கார் எடுத்துருக்குது. நாளைக்கி காலையில பத்தரைக்குள்ள பூச போட்டு எடுக்கணும். நீங்களும் வந்துடுங்க. அரசி சொல்லினே இருக்குது, ஒருவாட்டி நேர்ல பாத்துப் பேசிடலாம்."

"சரிங்க சார்."

"அப்பறம், வரும்போது பூசணிக்கா ஒண்ணு வாங்கிகினு வந்துடுங்க. நல்லா பெருசா. நேத்து அமாவாசயா, எங்க ஊர்ல எல்லாம் தீந்துபோச்சி. டவுன்ஷிப்ல கெடைக்கும்."

"கண்டிப்பா சார்."

பூஜை, அமாவாசை, ஊரில் எல்லாம் தீர்ந்துபோனது என்று மனிதர் எல்லாத் துப்பும் கொடுத்திருக்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். என் காதில் விழுந்தது 'நீங்களும் வந்துடுங்க' மட்டும்தான். மற்றதெல்லாம் தூரத்து நாதஸ்வரம் போலக் கேட்டது.

படுக்கும்போதுதான் பூசணிக்காய் என்ற சொல் மெதுவாக மேலே வந்தது. அவர்கள் ஊரில் பரங்கி என்றல்லவா சொல்வார்கள்? இவர் ஏன் பூசணி என்றார்? கொஞ்ச நேரம் யோசித்தேன். பளிச்சென்று விளங்கியது. என் அப்பா ஊர்க்காரர்கள் அதைப் பூசணி என்பார்கள் என்று தமிழரசி சொல்லியிருக்கிறாள். எனக்குச் சங்கடம் இருக்கக் கூடாதென்று மனிதர் எங்கள் வீட்டு வார்த்தையில் பேசியிருக்கிறார். என்ன பண்பு! என்ன பெருந்தன்மை! இப்படிப்பட்ட மாமனார் யாருக்குக் கிடைப்பார்? கண் கலங்கத் தூங்கிப்போனேன்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலை முழுக்க என்னுடையது. எட்டரைக்கெல்லாம் கடைத்தெருவில் நின்றேன். காய்கறிக் கடை அக்கா அப்போதுதான் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் மஞ்சள் பூசணிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், சாம்பல் பூசிக்கொண்டு, தனியாக ஒரே ஒரு வெள்ளைக் காய்.

"அக்கா, பெருசா ஒரு பூசணிக்கா."

அக்கா அந்த வெள்ளைக் காயைத் தூக்கினார். "ஒண்ணே ஒண்ணுதாங்க மீந்துது. அமாவாசைக்கி எல்லாம் போயிட்சி."

"அது இல்லக்கா. இது." நான் மஞ்சளைக் காட்டினேன்.

"இது பரங்கிங்க."

"இதத்தான் நாங்க பூசணின்னு சொல்லுவோம்."

"நீங்க சொல்லுவீங்க. கேட்டவங்க எதக் கேட்டாங்க?"

பாருங்கள், அந்த அக்கா என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். நான் விடுவேனா? ஒரு காய்க்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும், அரசாணி என்றாலும் இதுதான், கும்மடிகாய என்றாலும் இதுதான், டெல்லியில் போய் சீதாபல் என்று கேட்டால்கூட இதைத்தான் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். பின்னால் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா வெள்ளைக் காயைக் கீழே வைத்தார்.

"காலங்காத்தால எதுக்குங்க. இந்தாங்க, இருக்கறதுலயே பெருசு."

பதினான்கு கிலோ. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வெண்டைக்காய்ப் பெண்மணி அந்த ஒற்றை வெள்ளைக் காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பூசணியை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பாதங்களால் அணைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தக் காலை இன்றைக்கும் எனக்கு நிஜமாக நடந்த மாதிரி இல்லை. நகரியத்தின் நேரான சாலைகளும் மரங்களும் முடிந்து, பண்ருட்டி போகிற பாதையில் முந்திரிக்காடுகள் ஆரம்பித்தன. பனி இன்னும் கலையவில்லை. முந்திரி பூத்திருந்தது. அந்த இனிப்பான வாசனைக்குள் வண்டி தானாகப் போவதுபோல இருந்தது. எதிரே வந்த பஸ் முதலில் இரண்டு மஞ்சள் பொட்டாகத் தெரிந்து, சத்தமில்லாமல் பெரிதாகி, கடந்து போயிற்று. காலுக்கிடையில் பூசணி பனி கோத்து, குளித்துவிட்டு வந்த மாதிரி மினுமினுத்தது. அதனிடம் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "உன்னை வெச்சுத்தான் சாம்பார் வைக்கப் போறாங்க. நல்லா இனிக்கணும். மானத்தைக் காப்பாத்தணும்" என்றேன். அது சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது.

முத்தாண்டிக்குப்பத்தில் வழி கேட்டு வீட்டை அடைந்தபோது மணி ஒன்பதே முக்கால். சிமென்ட் போட்ட சின்னத் தெரு, கோயில் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. வாசலில் மாலை போட்ட வெள்ளைக் கார், இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அக்கம்பக்கத்து ஜனங்கள் இருபது பேர். தமிழரசி பச்சைப் பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். நான் வண்டியை நிறுத்தி, பூசணியை இரு கையாலும் தூக்கிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த அவள் முகம், கையில் இருப்பதைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

அப்புறம்தான் வீட்டின் பக்கவாட்டைக் கவனித்தேன். அங்கே ஒரு மினி லாரி. அதில் பாதி ஏற்றியும் பாதி தரையில் குவித்தும், சுவர் உயரத்துக்கு, மஞ்சள் மஞ்சளாக, நூற்றுக்கணக்கில் பூசணி. பண்ருட்டி மார்க்கெட்டுக்குப் போகத் தயாராக.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'அடடா, இவர்களுக்கும் இந்தக் காய் எவ்வளவு பிடித்திருக்கிறது' என்று தோன்றியது. சத்தியமாக.

ஏழுமலை வெள்ளை வேட்டியில் வந்தார். புல்டோசர் ஓட்டுகிற மனிதர் என்று சொல்லவே வேண்டாம், தோளைப் பார்த்தால் தெரியும். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. இது என்னாதுங்க?"

"பூசணிக்கா சார். நீங்க கேட்டீங்களே."

"பூசணிக்கா எங்க?"

"இதுதான் சார்."

கூட்டத்தில் யாரோ, "கொல்லன் தெருவுக்கே ஊசி விக்க வந்துக்கினு இருக்குதுடா" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. காய்கறிக் கடையில் நடத்திய பாடத்தை வாசலிலும் எடுக்க ஆரம்பித்தேன். "எங்க அப்பா ஊர்ல சார், இதத்தான்..." என்று நான் தொடங்கும்போது தமிழரசி என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"திருஷ்டி சுத்தி ஒடைக்க. வெள்ளைப் பூசணி."

வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் உடைக்கிறார்களே, அந்த வெள்ளைக் காய். குங்குமம் சிவப்பாக வழியத் தெருவெல்லாம் சிதறிக் கிடக்குமே, அது. அப்போதுதான் பனி கலைந்தது. அமாவாசை, பூஜை, தீர்ந்துபோனது எல்லாம் வரிசையாக வந்து என் மண்டைக்குள் உட்கார்ந்தன.

"போய் வாங்கிட்டு வந்துடறேன் சார்!"

"மணி பத்தாவுது. பத்தரைக்கி ராவுகாலம்" என்றார் ஏழுமலை. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு காரியம் கொடுத்துப் பார்த்தார், அது முடிந்துபோயிற்று என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

தெருவில் இரண்டு வீட்டில் கேட்டார்கள். இல்லை. எலுமிச்சம்பழம் போதும் என்றார் ஒருவர். பூசணி உடைக்காமல் புதுவண்டியை எடுக்கவே கூடாது என்றார் இன்னொருவர். கடைசியில் தமிழரசியின் அம்மா அஞ்சலைதான் முன்னால் வந்தார்.

"அந்தத் தம்பி ஊர்ல இதானே பூசணி? அந்த ஊரு திருஷ்டியும் சேத்துக் கழியட்டும். இதையே சுத்தி ஒடைங்க."

"சோறு போடற காய யாராச்சும் தெருவுல போட்டு ஒடைப்பாங்களா?" என்றார் ஏழுமலை.

"நம்ம தோட்டத்துல வெளஞ்சத ஒடைக்காதீங்க. அது வாங்கியாந்தது."

யாரும் கேட்காமலேயே நான் சொன்னேன்: "நான் ஒடைக்கிறேன் சார்."

வெள்ளைப் பூசணி என்றால் மேலே சதுரமாக வெட்டி உள்ளே குங்குமம் போடுவார்கள். அஞ்சலை கத்தியை இந்தக் காயில் இறக்கினார். அரை அங்குலம் போய்க் கத்தி சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து உருவினார்கள். சரி என்று குங்குமத்தை வெளியிலேயே அப்பி, மேலே சூடம் வைத்து ஏற்றி என் கையில் கொடுத்தார்கள்.

காரை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் சுற்றில் எனக்குப் பழைய மிதப்பு திரும்பிவிட்டது. சூடத்தின் வாசனை, மாலையின் வாசனை, பச்சைப் பட்டு. ஏதோ அக்கினியை வலம் வருகிற நினைப்பில் நடந்தேன். இரண்டாவது சுற்றில் காய் கனக்க ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் பதினான்கு கிலோ நாற்பது கிலோ ஆனது. காருக்கு முன்னால் வந்து நின்று, சாமியை வேண்டிக்கொண்டு, சிமென்ட் தரையில் போட்டேன்.

'தொம்.'

உடையவில்லை. ஒரு குதி குதித்து, சரிவில் உருண்டது. அவசரமே இல்லாமல், கோயிலுக்குப் போகிற பெரிய மனிதர் மாதிரி, நடுத்தெருவில் நிதானமாக உருண்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு நாய் எழுந்து ஒதுங்கிக்கொண்டது. நான் பின்னாலேயே ஓடி, குழாயடியில் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். உள்ளங்கையெல்லாம் குங்குமமும் பனி ஈரமும் சேர்ந்து வழுவழுவென்று இருந்தது.

"ஓங்கிப் போடுங்க தம்பி!" என்று கூட்டத்தில் உற்சாகம். இந்தத் தடவை விடக் கூடாது. காருக்கு முதுகைக் காட்டி நின்றேன். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன். ஓங்குவதற்காக இன்னும் கொஞ்சம் பின்னால் வளைந்தேன்.

கையில் எடை இல்லாமல் போனது.

அந்த ஒரு நொடி எவ்வளவு அமைதியாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கைகள் லேசாகிவிட்டன. வானம் வெளுப்பாக இருந்தது. எதிரே நின்ற இருபது பேருடைய வாய்களும் ஒன்றாகத் திறந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. எல்லாரும் என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சத்தம் வந்தது. தகரத்தில் யாரோ பறையடித்த மாதிரி.

திரும்பினேன். பானட்டின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில், பொருத்திச் செய்த மாதிரி, பூசணி உட்கார்ந்திருந்தது. உடையவில்லை.

தமிழரசி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் விசும்புகிற சத்தம் கேட்டது. முடிந்தது, ஒன்றரை வருஷம் முடிந்தது என்று நினைத்தேன். (அவள் அழவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாளாம். கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னாள்.)

ஏழுமலை காரின் பக்கத்தில் வந்தார். பூசணியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பள்ளத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பத்து இருபத்தேழு.

"சாவி எங்க?"

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் கோயில் பக்கம் போயிற்று. நான் பூசணியோடு வாசலில் நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குவியலில் வைத்தால் அவர்களுடைய காயோடு கலந்துவிடும். தரையில் வைத்தால் மறுபடி உருளும். ஓடிவிடலாம் என்றால் ஸ்கூட்டரை மறித்து மினி லாரி நின்றது. அப்படியே கால்மணி நேரம் நின்றேன். போகிற வருகிறவர்கள் என்னையும் காயையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அஞ்சலை ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு கையிலும் பூசணி இருந்ததால் அதையும் வாங்க முடியவில்லை.

கார் திரும்பியது. ஏழுமலை இறங்கினார். முகத்தில் ஒரு விசித்திரமான இறுக்கம். அடக்கிக்கொண்ட கோபம் என்றுதான் நினைத்தேன்.

"கோயிலாண்ட எல்லாரும் கேக்கறானுங்க. 'ஏழுமல, புது வண்டியாச்சே, அதுக்குள்ள எங்கடா இடிச்ச?' ன்னு."

"சார், நான்..."

"பரங்கிக்கா மேல வுழுந்துட்சின்னேன். 'பரங்கிக்கா மரத்துலயா காய்க்குது, மேல வுழறதுக்கு?' ன்றானுங்க."

சொல்லி முடித்ததும் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்தப் பெரிய உடம்பு சிரிப்பதை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தேன். சிரித்து, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"அஞ்சல! அந்தக் காய வாங்கு மொதல்ல. தம்பி கை நடுங்குது. அத அறுத்துக் கூட்டு வையி. சாப்ட்டுட்டுப் போகட்டும்."

அரிவாள்மனையில் வைத்து, மேலே ஒரு கட்டையால் தட்டி, அஞ்சலை அதை இரண்டாகப் பிளந்தார். நான் இரண்டு முறை முயன்றும் முடியாததை அவர் ஒரே தட்டில் முடித்தார். உள்ளே நல்ல செம்மஞ்சள்.

சாப்பாட்டில் அவர் எதிரே உட்கார்ந்தார். வேலை என்ன, காண்ட்ராக்ட் எப்போது பர்மனென்ட் ஆகும், சொந்த வீடு உண்டா என்று கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கூட்டைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு அவர் கேட்டது வேறு.

"வாசல்ல என்னமோ சொல்ல வந்தீங்களே. உங்க அம்மா ஊர்ல இத என்னான்னு சொல்லுவாங்க?"

"அரசாணிக்கா, சார்."

"அரசாணியா!" கை நின்றது. "அஞ்சல, கேட்டியா? அரசாணியாம். பேரு ராணி மாதிரி இல்ல?"

"தெலுங்குல கும்மடிகாய."

"கும்மடி." சொல்லிப் பார்த்தார். "அப்பறம்?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று பார்க்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். மத்தங்கா. கக்காரு. கத்து. ஒடிசாக்காரர்கள் அவரோடு ஷிப்டில் வேலை பார்க்கிறார்களாம், இத்தனை வருஷத்தில் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார். சீதாபல் என்றதும் புரையேறிவிட்டது. அவருடைய சின்ன வயசிலிருந்து அந்த வீட்டில் பயிராகிற காய். அதற்கு வெளியூர்களில் இத்தனை பெயர் இருக்கிறது என்பது, மகன் வெளிநாட்டில் பட்டம் வாங்கிவிட்டான் என்று கேட்ட தகப்பனைப் போல அவரை ஆக்கிவிட்டது.

"கன்னடத்துல இது கும்பளகாயின்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு சார். ஆனா மலையாளத்துல கும்பளங்கான்னா வெள்ளக் காய்."

ஏழுமலை இன்னொரு கரண்டி கூட்டு போட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தப் பார்டர்லயும் எவனாச்சும் ஒருத்தன் மாத்தி எடுத்தாந்து மாமனார் வூட்டு வாசல்ல நின்னுருப்பான்."

மாமனார் என்ற சொல்லை அவர்தான் முதலில் சொன்னார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் தலையைக் குனிந்து கூட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். அது எவ்வளவு இனித்தது என்றால், அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்தப் பெயரிலும் அப்படி ஒரு கூட்டு நான் சாப்பிட்டதில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு அன்று லேட். ஏன் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அப்புறம் எங்கள் வீட்டார் போனார்கள், அவர்கள் வந்தார்கள், வைகாசியில் கல்யாணம். நான் இன்னும் காண்ட்ராக்ட்தான். அதைப் பற்றி மாமா கேட்பதை விட்டுவிட்டார். காரை டிங்கரிங் செய்து தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அத்தைக்கு இஷ்டமில்லை. அந்தப் பள்ளம் வந்த பிறகு வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லையாம். ஊர்க்கண்ணையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்கிறதாம்.

கல்யாணமான பின் முதல் முறையாக மாமனார் வீட்டுக்குப் போய், மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தேன். அத்தை மேல்பட்டாம்பாக்கத்துத் தங்கச்சியோடு போனில் பேசுவது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது.

"மாப்ளைய காலையிலதான் அறுத்தோம். பாதி ஃபிரிட்ஜில இருக்குது. மீதிப் பாதிய நீ வந்து எடுத்துகினு போ. தோல மட்டும் சீவிடு, கொஞ்சம் தடிப்பு."

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில் பரங்கிக்கு இப்போது பெயர் மாப்ள. தெருவிலும் அப்படித்தான். அந்தப் பெயர் மினி லாரியில் ஏறிப் பண்ருட்டி வரைக்கும் போயிருக்கிறது. மாமா காயை இறக்கினால் மண்டிக்காரர், "இன்னிக்கி எத்தினி மாப்ள?" என்றுதான் கேட்கிறார்.

போன வாரம் ஷிப்டில் இருக்கும்போது தமிழரசி கூப்பிட்டாள். கையில் ஹெல்மெட் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ள நல்லா முத்திப்போச்சாம். இனிமே வெச்சிருந்தா கெட்டுடும், நாளைக்கே அறுத்துடலாமான்னு அப்பா கேக்கறாரு."

"அறுக்கச் சொல்லு. நானும் வந்துடறேன்" என்று சொல்லி வைத்தேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த புதுப் பையன், மதுரைக்காரன், டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, வீட்டுல ஏதும் பிரச்சினையாண்ணே? எங்ககிட்டச் சொல்லலாம்ல?"